கணக்கும் கண்ணீரும்

ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் உண்மையை விளங்க வைத்துவிடலாம். அதே உண்மையைத் தம் வீட்டில் ஒருவருக்கு விளங்க வைப்பது எளிதன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் நான், இதனைப் பட்டறிவால் கற்றேன். என் மனைவிக்கும் எனக்கும் இடையே நெடுங்காலம் நிலவிய கருத்து வேறுபாடு ஒன்றை ஈண்டு எழுதத் துணிகிறேன். அது சோதிடத்துக்கும் அறிவியலுக்கும் இடையே நடந்த வழக்கு என்றே நான் எண்ணியிருந்தேன். அவ்வாறு எண்ணியது என் பிழை. அப்பிழையை உணர்வதற்கு இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

எங்கள் ஊர் பகாங் மாநிலத்துக் கேமரன் மலை. 1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதிக்கு வந்தமையால் அவர் பெயரே இதற்கு நிலைத்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் இங்குப் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். சரிவுகளில் காடு வெட்டிச் செடி நட்டுக் கொழுந்து பறித்த கைகளில் பல தமிழர் கைகள். என் மாமியார் மலைச்சரிவில் கொழுந்துக் கூடை சுமந்தவர். மாமனார் தேயிலை ஆலையில் உழைத்தவர். அவர்கள் வாழ்ந்த லயத்து வீட்டில் நூல் என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது, ஆண்டுதோறும் ஈப்போவிலிருந்து வாங்கி வரப்பெற்ற பஞ்சாங்கம். விடியுமுன் பெரட்டுக்கு நிற்கும் நேரம், கொழுந்து நிறுக்கும் நேரம், வீடு திரும்பும் நேரம் யாவும் தோட்ட நிருவாகத்தின் கையில் இருந்தன. பிள்ளைக்குப் பெயரிடவும், பெண்ணுக்குத் தாலி பூட்டவும், ஊருக்குப் புறப்படவும் தாங்களே பார்த்துத் தேர்ந்துகொள்ளத்தக்க நேரம் அந்தச் சிறு நூலில் மட்டுமே இருந்தது. அந்த நூலின்மீது அம்மக்கள் வைத்திருந்த பற்றுக்கு இதுவும் ஒரு காரணம் என்பதை இளமையில் நான் எண்ணிப் பார்த்ததில்லை. மூடநம்பிக்கை என்ற ஒரே சொல்லால் அனைத்தையும் மூடிவிட்டேன்.

எங்கள் வாதங்கள் தொடக்கத்தில் நகைச்சுவையாகவே இருந்தன. நான் தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்ற நாள் ஒரு திங்கட்கிழமை. திங்களன்று ஏழரை முதல் ஒன்பது வரை இராகுகாலம். “ஏழரைக்கு முன்பே நாற்காலியில் அமர்ந்துவிடுங்கள்” என்றாள் மனைவி. அறிவியல் கற்பித்த எனக்கு இது நல்ல வாய்ப்பாகத் தோன்றியது. கரும்பலகை இல்லாத குறைதான். உணவு மேசையிலேயே பாடத்தைத் தொடங்கினேன்.

“இராகுகாலம் என்பது சூரியன் எழுவது முதல் மறைவது வரையுள்ள பகற்பொழுதை எட்டாகப் பகுத்துக் கண்ட பகுதி. திங்களுக்கு இரண்டாம் பகுதி. ஆறு மணிக்குச் சூரியன் எழும் என்று கொண்டால்தான் ஏழரை முதல் ஒன்பது என்ற கணக்கு வரும். நம் மலையில் ஆறு மணிக்கு இருள்கூட விலகுவதில்லை. நாம் இருப்பது ஏறத்தாழ 101 பாகைத் தீர்க்கரேகையில். நம் கடிகாரம் ஓடுவதோ 120 பாகைக்குரிய நேரத்தில். தீபகற்பத்து நேரத்தைச் சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றாக்க 1982 சனவரி 1ஆம் நாள் கடிகாரங்களை அரைமணி முன்னே தள்ளி வைத்தார்கள். நீ பத்து வயதில் அதைப் பார்த்திருப்பாய். அதற்கு முன் ஏழரை மணி நேரக் கணக்கு. ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரை டோக்கியோ நேரமாகிய ஒன்பது மணிக் கணக்கு. அரசு மாறும்போதெல்லாம் கடிகாரம் மாறியது. இராகுவும் உடன் மாறினாரா? இன்று இங்கே சூரியன் எழுவது ஏழேகால் அளவில். ஆகவே உன் கணக்குப்படியே பார்த்தாலும் இராகுகாலம் எட்டேமுக்கால் முதல் பத்தேகால் வரை!”

வென்றுவிட்டேன் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவள் சற்றே சிந்தித்தாள். பின்னர் மிகுந்த அமைதியோடு, “அப்படியானால் ஒன்பது மணிக்கு வைத்திருக்கும் ஆசிரியர் கூட்டத்தைப் பதினொன்றுக்கு மாற்றிவிடுங்கள்” என்றாள்.

ஓர் இராகுகாலத்தை நீக்கப் போய் இரண்டை உண்டாக்கிக்கொண்டு பள்ளிக்குச் சென்றேன். இதனை நண்பர்களிடம் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனால் சிரிக்க இயலாத பகுதி ஒன்று எங்கள் வாழ்வில் அதற்கு முன்னரே நிகழ்ந்திருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

1995ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. நிலவின் முழுநிழல் ஈரானில் தொடங்கி, வட இந்தியா, தாய்லாந்து வழியாகக் கிழக்கே சென்றது. நம் தீபகற்பத்தில் அது பகுதிக் கிரகணமாகத் தெரிந்தது. தீபாவளியை ஒட்டிய விடுமுறை, நான் வீட்டிலிருந்தேன். எங்கள் மூத்த மகளுக்கு அப்போது மூன்று வயது. மனைவி இரண்டாவது முறையாகக் கருவுற்றிருந்தாள்.

கருவுற்ற பெண் கிரகண நேரத்தில் வெளியே வரலாகாது, கத்தியோ ஊசியோ தொடலாகாது, உண்ணலாகாது என்பது லயத்து வீடுகளில் எழுதப்படாத சட்டம். மாமியார் முதல் நாளே வந்து எச்சரித்துவிட்டுச் சென்றிருந்தார். நானோ ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து சில ஆண்டுகளே ஆன இளைஞன். கையில் இருந்த அறிவை உடனே எங்கேனும் பயன்படுத்திவிட வேண்டும் என்ற வேகம் எனக்கு. அட்டையில் ஊசியால் துளையிட்டு, அதன் வழியே வரும் ஒளியை வெள்ளைத் தாளில் விழச் செய்தேன். நண்பகலை ஒட்டி மூடுபனி விலகியது. தாளின்மேல் சூரியன் பிறைவடிவில் வந்து அமர்ந்தது. முற்றத்து மரத்தின் இலைகளுக்கு இடையேயுள்ள துளைகள் ஒவ்வொன்றும் என் ஊசித்துளை செய்த வேலையையே செய்தன. தரையெங்கும் நூற்றுக்கணக்கான சிறு பிறைகள் அசைந்தன. மகள் அவற்றைக் கையால் அள்ள முயன்று சிரித்தாள்.

நான் மனைவியை அழைத்தேன். அவள் வர மறுத்தாள். “நிலவின் நிழல் நம்மீது விழுகிறது, அவ்வளவுதான். நிழலில் புதிய கதிர் எதுவும் இல்லை. வெறுங்கண்ணால் சூரியனைப் பார்ப்பதுதான் தீங்கு. நீ தரையைத்தானே பார்க்கப் போகிறாய்?” என்று வற்புறுத்தினேன். அவள் வந்தாள். மூன்று நான்கு நிமிடங்கள் நின்றிருப்பாள். பிறைகளைப் பார்த்து அவளும் சிரித்தாள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மூன்று வாரங்கள் கழித்து அந்தக் கரு நிலைக்கவில்லை.

மருத்துவர் நல்லவர். இத்தகைய இழப்புகள் பல நேரங்களில் இன்ன காரணம் என்று அறியவொண்ணாமலே நிகழ்கின்றன என்றும், தாய் செய்த எதனாலும் இது நேர்ந்ததில்லை என்றும் எங்களிடம் கூறினார். அவர் கூறியது உண்மை; அந்த உண்மையோடு நான் நிறைவடைந்தேன். சில நாள்கள் கழித்து மாமியார் அவளைச் சோதிடர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார். அவர் சாதகத்தைப் பார்த்து, ஐந்தாம் இடத்தில் குற்றம் இருக்கிறது என்றும், கிரகண நிழல் அதனைத் தூண்டிவிட்டது என்றும் கூறினாராம். மருத்துவர் காரணம் தெரியவில்லை என்றார். சோதிடர் தெரிகிறது என்றார். துயரத்தில் மூழ்கிக் கிடப்பவரின் கை எதனைப் பற்றும்? ஆனால் அவள் பற்றிய அந்தக் கட்டை அவளைக் கரை சேர்க்கவில்லை. பழியை அவள் சாதகத்தின்மேலும், அவள் வாசற்படி தாண்டிய காலின்மேலும் ஏற்றிவிட்டது.

அவள் என்மீது குற்றம் சாட்டியதில்லை. ஒரு முறையேனும், “நீங்கள் அழைத்ததால்தானே வந்தேன்” என்று கூறியதில்லை. கூறியிருந்தால் நான் மறுத்திருப்பேன், வாதாடியிருப்பேன். அவளோ மௌனமாகத் தன்னைத்தானே தண்டித்துக்கொண்டாள். பஞ்சாங்கத்தைப் பார்ப்பது மிகுந்தது. இன்னொரு குழந்தை வேண்டும் என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை. அம்மௌனத்தை நானும் கலைக்கவில்லை. என் அறிவு சரியானது என்பதால் என் கடமை முடிந்தது என்று எண்ணினேன்.

2009ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பயணம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தபோது, காளத்தி சென்று இராகு-கேது வழிபாடு செய்ய வேண்டும் என்றாள். நான் மறுத்தேன். அவ்வேளையில் என் கையில் புதியதோர் ஆயுதம் கிடைத்திருந்தது. இந்திய வானியலறிஞர், காலஞ்சென்ற ஜயந்த் நார்லீகர், பூனா நகரில் நண்பர்கள் சிலருடன் நடத்திய ஆய்வின் முடிவுகள் அவ்வாண்டுதான் வெளிவந்தன. படிப்பில் சிறந்த மாணவர்கள், மனவளர்ச்சி குன்றிய சிறார்கள் என்னும் இரு சாராருடைய சாதகங்களைக் கலந்து, எது யாருடையது என்று கூறுமாறு சோதிடர்களைக் கேட்டனர். தலைக்கு நாற்பது சாதகங்கள். விடை அனுப்பியவர் இருபத்தெழுவர். அவர்களுடைய விடைகளில் சரியானவை சராசரியாக நூற்றுக்கு 46. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்திருந்தாலும் ஐம்பது கிடைத்திருக்கும்.

இதனை நான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். வெற்றிப் பெருமிதத்தோடு படித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் கூறினாள்:

“அந்தச் சோதிடர்கள் தவறியது உண்மையாகவே இருக்கட்டும். என் பிள்ளை போனதற்கு உங்கள் தாளில் காரணம் எழுதியிருக்கிறதா?”

என்னிடம் விடை இல்லை. விடை இல்லாதது குற்றமன்று. அவள் கேட்டது வினாவே அன்று என்பதை நான் அப்போதும் உணராமற் போனதே குற்றம். காளத்திக்கு நாங்கள் செல்லவில்லை. பயணம் முழுவதும் அவள் என்னோடு அதிகம் பேசவில்லை.

ஆண்டுகள் கழிந்தன. பிறைகளை அள்ள முயன்ற அந்த மகள் வளர்ந்து, தாதியாகப் பயின்று, ஈப்போவில் பணியாற்றினாள், மணமும் முடித்தாள். 2019ஆம் ஆண்டு திசம்பரில் அவள் தாய்மை அடைந்து எங்களோடு தங்க வந்திருந்தாள். அம்மாதம் 26ஆம் நாள் கங்கண சூரிய கிரகணம். அதன் பாதை கோயம்புத்தூர், திண்டுக்கல், யாழ்ப்பாணம், சுமத்திரா எனச் சென்று, ஜொகூரின் தென்முனையையும் சிங்கப்பூரையும் கடந்தது. எங்கள் மலையில் பெரும்பகுதி மறையும் எனக் கணித்திருந்தார்கள். முற்பகல் பதினொன்றரை மணிக்குச் சற்று முன் தொடங்கி, பிற்பகல் மூன்றரைக்குள் முடியும் நிகழ்ச்சி.

மனைவி முந்திய நாளே உள்ளறைச் சன்னலுக்குத் துணி கட்டினாள். நான் கொதித்தெழுந்தேன். “படித்த பெண்ணை இருட்டறையில் அடைக்கப் போகிறாயா?” என்று கேட்டேன். அவள் கைகள் நடுங்கின. துணியைக் கட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. அப்போது மகள் குறுக்கிட்டாள்.

“அப்பா, நான்கு மணி நேரம் அம்மாவோடு ஓர் அறையில் இருப்பதால் எனக்கு என்ன குறைந்துவிடும்? ஆனால் அம்மா, நான் தண்ணீர் குடிப்பேன், வேளைக்குச் சாப்பிடுவேன், மாத்திரையும் போடுவேன். வயிற்றில் வலியோ வேறு தொல்லையோ தெரிந்தால் அந்த நொடியே கதவைத் திறந்து மருத்துவமனைக்குப் புறப்படுவேன். இதற்கெல்லாம் சம்மதமா?”

மனைவி நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, “சாப்பாட்டிலும் தண்ணீரிலும் தர்ப்பை போட்டு வைக்கிறேன்” என்றாள்.

“போடுங்கள் அம்மா, புல்தானே” என்று சிரித்தாள் மகள்.

முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு அந்தப் பெண் அன்று பாடம் நடத்தினாள். தீங்கில்லாத ஒன்றை அன்புக்காக ஏற்றுக்கொண்டாள். தீங்கு தரக்கூடியதை உறுதியாக மறுத்தாள். இரண்டுக்கும் இடையே எங்குக் கோடு கிழிக்க வேண்டும் என்பதை அவள் அறிந்திருந்தாள். நானோ எல்லாவற்றையும் ஒரே கோட்டுக்கு அப்பால் தள்ளிவிட்டு வாதாடிக்கொண்டிருந்தேன்.

கிரகண நாளில் தாயும் மகளும் உள்ளே சென்றனர். நான் முற்றத்தில் தனியே நின்றேன். பழைய நினைவில் அட்டையும் ஊசியும் எடுத்தேன்; துளையிட மனம் வரவில்லை. ஒரு மணி கடந்ததும் மலையின் வெயில் மங்கி, மாலைபோல் ஒரு குளிர் இறங்கியது. மேகம் வருவதும் போவதுமாக இருந்தது. அறைக்குள்ளிருந்து பேச்சொலி கேட்டது. பிறகு அழுகை கேட்டது. 1995ஆம் ஆண்டு முதல் நான் கேளாத அழுகை அது. அவள் தன் மகளிடம் அனைத்தையும் சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் நடுவில் பேசவேயில்லை. பிறகுதான் மெல்லிய குரலில், தான் பணியாற்றும் இடத்தில் இவ்வாறு கருவை இழந்த தாய்மார் எத்தனையோ பேரைப் பார்த்திருப்பதையும், அவர்களில் எவரும் கிரகணத்தைப் பார்த்தவர் இல்லை என்பதையும், ஒவ்வொருவரும் தாம் செய்த ஏதோ ஒன்றைக் காரணமாக எண்ணித் தம்மையே நொந்துகொள்வதையும் சொன்னாள். மருத்துவர் அன்று கூறிய அதே உண்மைதான். ஆனால் அது இப்போது ஒரு கையைப் பற்றிக்கொண்டு சொல்லப்பட்டது.

சற்று நேரத்தில் கதவு திறந்தது. மகள் உள்ளேயே இருந்தாள்; மனைவி மட்டும் வெளியே வந்து வாசற்படியில் நின்றாள். முற்றத்தில் பிறைகள் அசைந்துகொண்டிருந்தன. நான் அவளருகே சென்றேன். இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன்.

“அன்று உன்னை வெளியே அழைத்தவன் நான். கிரகணத்தால் அது நேரவில்லை. அதை இன்றும் உறுதியாகச் சொல்வேன். ஆனால் சொல்லிவிட்டு நான் விலகிப் போய்விட்டேன். உன்னோடு உட்கார்ந்து நானும் அழுதிருக்க வேண்டும். அது எனக்கும் பிள்ளைதான்.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. படியிறங்கி வந்து அந்தப் பிறைகளின் நடுவே நின்றாள்.

வாசகர்கள் பெரும்பாலோர் ஆசிரியர்களும் மாணவர்களுமாதலால் ஒன்று கூற விழைகிறேன். பஞ்சாங்கத்தில் இரண்டு பொருள்கள் கலந்துள்ளன. ஒன்று கணக்கு, மற்றொன்று பலன். கணக்கு நம் முன்னோரின் அரிய செல்வம். புதுச்சேரித் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், நிலத்தில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக அறிந்த வாய்பாடுகளைக் கொண்டு 1825ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை, ஜான் வாரன் என்னும் வெள்ளையர் அவ்வாண்டே சென்னையில் வெளிவந்த தம் ‘கால சங்கலித’ நூலில் பதிவு செய்துள்ளார். கிரகணம் தொடங்கும் நேரம் ஒரு சில நிமிட வேறுபாட்டிலேயே அமைந்தது; முடியும் நேரத்தில் பிழை மிகுந்தது. பிழையை அளந்து காட்ட முடிந்தது என்பதே அது உண்மையான கணக்கு என்பதற்குச் சான்று. பலன் அத்தகையதன்று. அதன் பிழையை எவரும் அளப்பதில்லை. பலித்ததை நினைவில் வைத்துப் பலிக்காததை மறந்துவிடுகிறோம். இதனைப் பள்ளியில் அஞ்சாமல் கற்பிக்க வேண்டும். கருவுற்ற பெண்ணைப் பட்டினி போடுவதையும், மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடுவதையும், ஒரு பெண்ணின் சாதகத்தின்மேல் குடும்பத்தின் துயரங்களையெல்லாம் சுமத்துவதையும் அன்பின் பெயராலும் ஏற்கலாகாது.

ஆனால் அச்சத்தில் இருப்பவரிடம் புள்ளிவிவரத்தை நீட்டுவது, நீரில் தத்தளிப்பவரிடம் நீச்சல் நூலை நீட்டுவது போன்றது. வள்ளுவர் அறிவுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார்; இனியவை கூறலுக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். நான் முன்னதைப் பிள்ளைகளுக்கு நடத்தினேன். பின்னதை என் வீட்டில் படிக்க மறந்தேன்.

என் மனைவி இன்றும் பஞ்சாங்கம் பார்க்கிறாள். திங்கட்கிழமைகளில் இரு இராகுகாலங்களையும் விலக்குகிறாள். நானும் வாதத்தைக் கைவிட்டுவிடவில்லை. ஆனால் கைவிடப்பட்டது ஒன்று உண்டு. தன் காலால்தான் அந்தப் பிள்ளை போயிற்று என்ற எண்ணம் அவளைவிட்டு மெல்ல மெல்ல அகன்றுவிட்டது. 2020இல் பேத்தி பிறந்தாள், நலமாக வளர்கிறாள்.

2025 செப்டம்பர் 8ஆம் நாள் அதிகாலையில் முழுச் சந்திர கிரகணம். இரவு ஒன்றரை மணியிருக்கும். யாரோ தோளைத் தொட்டு எழுப்பினார்கள். மனைவி கம்பளியோடு நின்றிருந்தாள். “எழுந்திருங்கள், மேகம் விலகியிருக்கிறது” என்றாள். சமையலறையைக் கடக்கும்போது பார்த்தேன். தண்ணீர்க் குடத்தில் தர்ப்பை மிதந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. முற்றத்திற்கு வந்தோம். தேயிலைச் சரிவுகளுக்கு மேலே நிலவு செம்பு நிறத்தில் நின்றது.

“ஏன் சிவப்பாக இருக்கிறது?” என்று கேட்டாள். பூமியின் காற்றுமண்டலத்தைக் கடந்து வளைந்து செல்லும் ஒளி நிலவின்மேல் விழுவதால் என்றேன். உலகத்து விடியல்களும் அந்திகளும் சேர்ந்து தரும் சிவப்பு அது என்றும் சொன்னேன். அவள் தலையசைத்து, கம்பளியின் ஒரு முனையை என் தோளிலும் போர்த்தினாள்.